கல்லில் எழுதிய பறவைகள்

கோவை மாநகரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் பெருஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் பெரியநாயக்கன்பாளையத்தை அடைவர். அங்கே வார்ப்படச் சாலைகளும் எந்திரத் தொழிற்சாலைகளும் ஓயாது ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும். மேற்கே குருடிமலை அமைதியாக நிற்கும். ஆலைக்கும் மலைக்கும் இடைப்பட்ட காடு தோட்டங்களில் மயில் அகவும், கௌதாரி கூவும், வேலியோரத்தில் செம்போத்து தத்தித் தத்தி நடக்கும், மின்கம்பியில் கரிச்சான் அமர்ந்து பூச்சிக்குக் காத்திருக்கும். இவற்றை நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் செம்போத்தின் கண் என்ன நிறம், கரிச்சானின் வால் எவ்வாறு பிளவுபட்டிருக்கிறது, ஆண் கௌதாரியையும் பெண் கௌதாரியையும் எவ்வாறு பிரித்தறிவது என்று ஒருவர் வினவினால், நம்முள் எத்தனை பேர் தயங்காமல் விடை கூறுவர்? கண்ணில் படுவது வேறு, கண்டறிவது வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவைக் கடப்பதற்கு மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று பறவையைப் படமாக எழுதுதல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் பல நாடுகளிலும் பறவை நூல்கள் வண்ணப் படங்களோடு வெளிவந்தன. அப்படங்களுள் பெரும்பகுதி கல்லில் எழுதி அச்சிடப்பட்டவை. இன்று அவை பழம்பொருள் அங்காடிகளில் மிகுந்த விலைக்கு விற்கப்படுகின்றன. கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவர்களில் மாட்டப்படுகின்றன. அழகிய பொருளை விரும்புதல் குற்றமன்று. ஆனால் அவற்றை அழகுப் பொருள்களாக மட்டும் கருதுவது பெரும் பிழை. அவை சாட்சியங்கள். இன்ன காலத்தில், இன்ன நிலத்தில், இன்ன பறவை இவ்வாறு இருந்தது என்று கூறும் சாட்சியங்கள். நல்ல சாட்சியை நாம் போற்றவும் வேண்டும். கேள்வி கேட்டுச் சோதிக்கவும் வேண்டும். அச்சாட்சியை உருவாக்கிய கைகள் யாருடையவை என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். இதுவே யான் இங்கு வற்புறுத்த விரும்பும் கருத்து.

படம் ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். நீலகிரியில் ஒருவர் புதிய பறவை ஒன்றைக் காண்கிறார். அஃது உலகம் அறியாத இனமா, முன்பே அறிந்த இனமா என்பதைத் தெளிய வேண்டுமாயின், இலண்டனிலும் கல்கத்தாவிலும் உள்ள அறிஞர்கள் அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பறவையின் பாடம் செய்த உடல் கடல் கடந்து செல்வதற்குள் பூச்சி அரித்துவிடலாம். எழுத்தாலும் முழுவதும் உணர்த்த இயலாது. ‘நீலம்’ என்று எழுதினால் மீன்கொத்தியின் நீலமா, பனங்காடையின் நீலமா, மயிற்கழுத்தின் நீலமா என்னும் ஐயம் எழும். ஒரே படம் நூறு படிகளாகப் பெருகி நூறு அறிஞர் கையில் இருக்குமாயின் ஐயம் பெரிதும் நீங்கும். எனவே படம் வரைவது மட்டும் போதாது; அதனைப் பெருக்கும் வழியும் வேண்டியிருந்தது.

அவ்வழியைத் தந்தவர் செருமனி நாட்டின் பவேரியப் பகுதியில் வாழ்ந்த அலோய்ஸ் செனிபெல்டர். அவர் நாடக ஆசிரியர். தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடியவர். 1796ஆம் ஆண்டை ஒட்டி அவர் கண்டறிந்த முறையே கல்லச்சு. அச்சகத்தார் இதனை ‘லித்தோ’ என்று வழங்குவர். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதை நம் வீட்டுச் சமையலறையிலேயே காண்கிறோம். இந்த எளிய உண்மைதான் அக்கலையின் அடிப்படை.

வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல், கொழுப்புச் சத்து கலந்த கோலால் ஓவியர் படத்தை எழுதுவார். பின்னர் வேலம்பிசினும் சிறிதளவு அமிலமும் கலந்த நீரைக் கல்லின்மேல் பூசுவர். அதனால் எழுதாத இடங்கள் நீரை ஏற்கும் தன்மை பெறும். கல்லை நனைத்து, எண்ணெய் மை தோய்ந்த உருளையை அதன்மேல் உருட்டினால், கோடு எழுதிய இடங்களில் மட்டும் மை பற்றும். ஈரமான இடங்கள் மையை விலக்கிவிடும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம் பதியும். கல்லில் உள்ளது தாளில் இடவலம் மாறித் தோன்றும்; ஆதலின் வலப்புறம் நோக்க வேண்டிய பறவையை ஓவியர் இடப்புறம் நோக்குவதாக எழுதுவார். இன்று பெரும்பாலான நூல்கள் அச்சாகும் ஆப்செட் முறையும் எண்ணெய், நீர் ஆகியவற்றின் இப்பகைமையையே பயன்படுத்துகிறது. கல்லுக்கு மாற்றாக உலோகத் தகடு வந்தது, அவ்வளவே.

இதற்கு முன் மரத்தைச் செதுக்கியும் செப்புத் தகட்டைக் கீறியும் படம் அச்சிட்டனர். ஓவியர் ஒருவர் வரைய, செதுக்குவோர் மற்றொருவர் அதனைத் தகட்டில் கீறுவது அக்கால வழக்கம். இடையில் மற்றொரு கை புகுந்தால் முதல் ஓவியரின் நுட்பம் மாறிவிடக்கூடும் அன்றோ? கல்லச்சில் ஓவியரே நேராகக் கல்லின்மேல் எழுதலாம். சிறகின் மென்மை, கழுத்து மயிரின் படிமானம், அலகின் வளைவு ஆகியவை கோலின் மெல்லிய அழுத்தத்திலேயே வெளிப்படும். பறவையின் மெல்லிய இறகை வன்மையான கல் உலோகத்தினும் நன்றாகக் காட்டியது ஒரு வியப்பே.

அச்சிலிருந்து வந்த படம் கருங்கோடுகளால் ஆனது. வண்ணம் அதன்பின் கையால் தீட்டப்பட்டது. முதன்மை ஓவியர் ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டி மாதிரியாக வைப்பார். வண்ணம் தீட்டுவோர் அதனைப் பார்த்து ஒவ்வொரு படிக்கும் வண்ணம் இடுவர். நூறு படிகள் வேண்டுமாயின் நூறு முறை அதே கிளியின் கழுத்துக்கு அதே சிவப்பைத் தீட்ட வேண்டும். 1837இல் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லாகப் பல கற்களைக் கொண்டு வண்ணத்தையே அச்சிடும் முறைக்கு ஏங்கல்மன் என்பவர் பிரான்சில் உரிமம் பெற்றார். அம்முறை பரவிய பின்னரும் பறவை நூல்களில் கைவண்ணம் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இக்கலையில் புகழ்பெற்றவர் பலர். எட்வர்டு லியர் தம் பதினெட்டாம் வயதில் கிளிகளைப் பற்றிய நூலைத் தொடங்கி, 1830 முதல் 1832 வரை 42 படங்களை வெளியிட்டார். இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் உயிருள்ள கிளிகளைக் கண்டு வரைந்தமையால், அவர்தம் படங்களில் கிளி உண்மையாகவே கிளையைப் பற்றி நிற்கிறது. ஜான் கூல்டு என்பவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட பறவைப் படங்கள் ஏறத்தாழ மூவாயிரம். அவற்றின் தொடக்கம் நம் நாட்டுப் பறவைகளே. இமயமலையிலிருந்து வந்த பறவை உடல்களைக் கொண்டு, 1830இல் தொடங்கிய நூலில் 80 படங்களில் 100 பறவைகளை அவர் வெளியிட்டார். ஆனால் அப்படங்களைக் கல்லில் எழுதியவர் அவருடைய மனைவி எலிசபெத் கூல்டு. டார்வின் சென்ற ‘பீகிள்’ கப்பற் பயணத்தின் பறவைகளைக் காட்டும் 50 படங்களையும் கல்லில் ஆக்கியவர் அப்பெருமாட்டியே. 1841இல், நாற்பது வயதையும் எட்டாமல் அவர் மறைந்தார். ‘கூல்டின் படங்கள்’ என்று உலகம் பேசுகிறது; அவற்றுள் பலவற்றை எழுதிய கை பற்றிப் பேசுவோர் நெடுங்காலம் மிகச் சிலரே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை உயர்ந்த நீதிமன்றத்தில் நடுவராக இருந்த ஒருவரின் மனைவியான எலிசபெத் குவில்லிம், 1801 முதல் 1807 வரை சென்னையில் வாழ்ந்தார். அவர் இந்நாட்டுப் பறவைகளை நீர்வண்ணத்தில், பல வேளைகளில் இயற்கை அளவிலேயே வரைந்தார். 1807இல் சென்னையிலேயே உயிர் நீத்தார். அவருடைய படங்கள் அச்சேறவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவற்றை அறிவுலகம் அறியவேயில்லை. 1920களில் இலண்டனில் கண்டெடுக்கப்பட்டுக் கனடா நாட்டின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தபின்னரே அவற்றின் பெருமை வெளிப்பட்டது. 121 பறவைப் படங்கள். தென்னாட்டுப் பறவைகளைப் பற்றிய அரிய செய்திகள். எனினும் அவை ஒரு பெட்டிக்குள் உறங்கின. அச்சு ஏறாத அறிவு எவ்வாறு உறங்கிவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அடுத்த தலைமுறையில் நிலை மாறியது. தாமஸ் ஜெர்டன் என்னும் மருத்துவர் 1836இல் கிழக்கிந்தியக் கும்பினியின் பணியில் சென்னை வந்தார். நீலகிரியிலும் நெல்லூரிலும் பிற இடங்களிலும் பணியாற்றியபோது பறவைகளை ஆராய்ந்தார். கருமையும் செம்மஞ்சளும் கலந்த ஈப்பிடிப்பான் முதலிய நீலகிரிப் பறவைகள் சிலவற்றை முதன்முதல் அறிவுலகத்துக்கு விளக்கியவர் அவரே. 1843 முதல் 1847 வரை, தென்னிந்தியப் பறவைகளையே பெரும்பாலும் கொண்ட 50 படங்கள் அடங்கிய நூல் ஒன்றை அவர் சென்னையில் பகுதி பகுதியாக வெளியிட்டார். அந்நூலின் படங்களை வரைவதில் ஈடுபட்டவர்கள் இந்திய ஓவியர்கள். இங்கிலாந்தின் சிறந்த பறவை அறிஞருள் ஒருவரான ஸ்ட்ரிக்லண்டு அப்படங்களின் தரத்தைப் பாராட்டினார். ஐரோப்பியக் கலைக்கூடம் எதிலும் பயிலாத கைகள் வரைந்த படங்கள் ஐரோப்பிய அறிஞரின் பாராட்டைப் பெற்றன என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

ஜெர்டன் பின்னர் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை அதில் விளக்கினார். பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் வழங்கிய பெயர்களையும் குறித்துள்ளார். அப்பெயர்கள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன? வேடரும் பறவை பிடிப்போரும் உழவரும் கூறியவை அன்றோ அவை! ஜெர்டனின் பெயரைத் தாங்கிய ஓர் ஆள்காட்டிக்குருவி போன்ற பறவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப்பின் எவர் கண்ணிலும் படாமல், அழிந்தது என்றே கருதப்பட்டது. 1986இல் கடப்பை மாவட்டத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் அதனை மீண்டும் கண்டறிந்தார். அவருக்குத் துணைநின்றவர் அவ்வூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவர். நூலறிவும் நிலத்தறிவும் கைகோக்கும்போதுதான் இயற்கை தன் கதவைத் திறக்கிறது.

இக்கதையில் நம் கோவைக்கும் பங்குண்டு. இராபர்ட் வைட் என்னும் தாவர அறிஞர் 1842 முதல் 1850 வரை கோவையில் தங்கி, அமெரிக்கப் பருத்தியை இங்கு வளர்க்கும் சோதனைப் பண்ணைகளை மேற்பார்த்தார். பருத்தியால் பின்னாளில் பெயர் பெறவிருந்த இவ்வூரில் இருந்துகொண்டே, தென்னாட்டுச் செடிகொடிகளின் படங்களை அவர் தொடர்ந்து வெளியிட்டுவந்தார். அவரும் கல்லச்சை நம்பியவரே. அக்கலையைத் தாமே பயின்றவர். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. தம் நண்பர் வட்டத்தைச் சேர்ந்த ஜெர்டனின் நினைவாக மலைச்செடி ஒன்றுக்கு ‘ஜெர்டனியா’ என்று பெயரிட்டவரும் அவரே. பறவை அறிஞரின் பெயர் ஒரு செடியில் நின்று நிலவுகிறது.

வைட்டுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இருவர். அவர்கள் இந்நாட்டு ஓவியர்கள். வைட் ஒரு நற்செயல் செய்தார்: அவ்வோவியரின் பெயர்களைப் படங்களின் அடியில் அச்சிட்டார். அதனோடும் அமையாது, கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குப் பெயரும் சூட்டினார். அப்பெயர் இன்று தாவர நூலில் வழக்கிழந்துவிட்டது. ஆயினும், ‘இதனை வரைந்தவன் இவன்’ என்று கூறிய அந்நேர்மை வழக்கிழக்கவில்லை. அக்காலத்தில் இத்தகைய நேர்மை அரிது. நூற்றுக்கணக்கான இந்திய ஓவியர்கள் கும்பினி அலுவலர்களுக்காகப் பறவையும் விலங்கும் செடியும் வரைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பறவைக்குப் பெயரிட்டவரைப் போற்றுகிறோம். அதன் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணித் தீட்டியவரை மறந்துவிட்டோம். இம்மறதியைப் போக்குவது நம் கடமை. பழைய பறவைப் படம் ஒன்றைக் காணும்போது, ‘இது யாருடைய நூல்?’ என்று மட்டும் கேளாமல், ‘இது யாருடைய கை?’ என்றும் கேட்டுப் பழகுதல் வேண்டும்.

இப்படங்களைப் போற்றும்போதே இவற்றின் குறைகளையும் மறைக்காமல் கூறுதல் முறை. முதலாவது, இவற்றுள் பெரும்பாலானவை சுட்டு வீழ்த்திய பறவைகளைக் கண்டு வரைந்தவை. அக்காலத்தில் தொலைநோக்கியால் பறவையை அடையாளம் காணும் வழக்கம் வேரூன்றவில்லை. ஒரு படத்துக்குப் பின்னால் பல உயிர்களின் இழப்பு உண்டு. இரண்டாவது, பாடம் செய்த உடலைக் கண்டு வரைந்தமையால், சில படங்களில் பறவை உயிர்ப்பின்றி விறைத்து நிற்கிறது. இறந்தபின் கண்ணின் நிறமும் கால், அலகு ஆகியவற்றின் நிறமும் மங்கிவிடும். அம்மங்கலை இயற்கை நிறமென்று எண்ணித் தீட்டியதும் உண்டு. பறவை வாழும் நிலத்தைக் காணாத ஓவியர் ஏதோ ஒரு கிளையில் அதனை அமர்த்தியதும் உண்டு. மூன்றாவது, அழகுக்காக உண்மையைச் சற்று வளைத்தோரும் இருந்தனர்.

இம்மூன்றாம் குறையைத் தாமே எடுத்துக் காட்டியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் இந்திய தேசியக் காங்கிரசு தோன்றக் காரணமாக இருந்த அப்பெரியார், அதற்கு முன் இந்தியப் பறவை ஆராய்ச்சியின் தலைவராக விளங்கினார். 1879 முதல் 1881 வரை, மார்ஷல் என்பவரோடு சேர்ந்து, வேட்டைப் பறவைகளைப் பற்றிய நூலை மூன்று தொகுதிகளாக வண்ணக் கல்லச்சுப் படங்களோடு வெளியிட்டார். தம் நூலின் படங்கள் தமக்கு முழு நிறைவு தரவில்லை என்பதை அந்நூலிலேயே அவர் ஒளிக்காது எழுதினார். ஓவியருள் சிலர் கவனக் குறைவாக இருந்தனர் என்றும், சிலர் கண்கவர் தோற்றத்துக்காகத் துல்லியத்தைப் பின்னுக்குத் தள்ளினர் என்றும் வருந்தினார். பொருள் செலவிட்டு வெளியிட்டவரே குறையைக் கூறுவது எளிதன்று. அழகு பெரிதா, உண்மை பெரிதா என்னும் வினாவுக்கு அறிவியல் தரும் விடை அவர் கூற்றில் உள்ளது.

இங்கே சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். ‘இன்று ஒவ்வொருவர் கையிலும் படக்கருவி உள்ளது. ஒரு நொடியில் பறவையை உள்ளவாறே படம் பிடிக்கலாம். குறையுள்ள பழம்படங்களை நாம் ஏன் போற்ற வேண்டும்?’ என்பர். வினா நியாயமானதே. விடையும் உண்டு. ஒளிப்படம் ஒரு பறவையை ஒரு நொடியில் காட்டுகிறது. அந்நொடியில் நிழல் விழுந்திருந்தால் நிறம் மாறும். இலை மறைத்தால் கால் தெரியாது. ஓவியரோ பல பறவைகளைக் கண்டு, அவ்வினத்துக்குரிய அடையாளங்களைத் தேர்ந்து, ஒரே படத்தில் ஆணையும் பெண்ணையும் குஞ்சையும் அருகருகே நிறுத்துகிறார். ஒளிப்படம் ‘இந்தப் பறவை’ என்கிறது. ஓவியம் ‘இவ்வினப் பறவை’ என்கிறது. அதனாலன்றோ, இன்றும் பறவைகளை இனங்காண உதவும் கைந்நூல்கள் பல ஓவியங்களையே கொண்டுள்ளன! சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல் எண்ணற்ற இளைஞரைப் பறவைகளின்பால் ஈர்த்ததற்கு அதன் வண்ண ஓவியங்களும் ஒரு காரணம்.

இன்னொரு விடை இதனினும் கூர்மையானது. ஹியூமின் நூலில் இடம்பெற்ற பறவைகளுள் ஒன்று இமயமலைக் காடை. 1876ஆம் ஆண்டுக்குப்பின் அதனை எவரும் உறுதியாகக் கண்டதில்லை. உயிருள்ள அக்காடையின் ஒளிப்படம் ஒன்றும் உலகில் இல்லை. சில காட்சியகங்களில் உள்ள பாடம் செய்த உடல்களையும் ஓவியர் எழுதிய படங்களையும் கொண்டே அஃது எத்தகையது என்று இன்று அறிகிறோம். வரைந்தபோது அதுவே அப்பறவையின் கடைசிச் சாட்சியமாகும் என்று ஓவியர் எண்ணியிருப்பாரா?

அஃது எங்கோ இமயத்தில் நிகழ்ந்தது என்று வாளா இருத்தல் கூடாது. பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு ஒருகாலத்தில் நாடெங்கும் மந்தை மந்தையாகக் காணப்பட்டது. கால்நடைகளுக்குத் தந்த டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து, இறந்த மாட்டின் உடல்வழியாகப் பாறுகளுக்கு நஞ்சாயிற்று. 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குள், வெண்முதுகுப் பாறு இந்நாட்டில் நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்தது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தருவது தடை செய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறுகள் எஞ்சியுள்ள முதன்மையான இடம் நம் நீலகிரியின் அடியில் உள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கு. எல்லாரும் கண்ட பறவை என்பதாலேயே எவரும் அதனைக் கருத்தோடு குறித்துவைக்கவில்லை. எளிதில் காணப்படுவது என்றும் எளிதில் காணப்படும் என்னும் எண்ணமே இயற்கையின் பெரும்பகை.

எனவே, பழைய பறவைப் படங்களை நாம் நடத்தும் முறையை மாற்றிக்கொள்ளல் வேண்டும். முழு நூலாக இருந்தவற்றைப் பிரித்து, ஏடு ஏடாக வெட்டி விற்கும் வாணிகம் உலகெங்கும் நடைபெறுகிறது. முழு நூலைவிடத் தனித்தனி ஏடுகளுக்கு மிகுந்த பணம் கிடைப்பதே காரணம். அவ்வாறு வெட்டியபின் படம் ஒரு வீட்டிலும் அதன் விளக்கம் குப்பையிலுமாகப் பிரிந்துவிடுகின்றன. எப்பறவை, எங்கே கிடைத்தது, யார் கண்டார், யார் வரைந்தார் என்னும் செய்திகள் நீங்கிவிட்டால், சாட்சியின் நாவை அறுத்துவிட்டு அவனுக்குப் பட்டாடை அணிவித்தது போலாகும். பழைய நூல்கள் முழுமையாக நூலகங்களில் காக்கப்படல் வேண்டும். இத்தகைய நூல்கள் பலவற்றின் பக்கங்களை இன்று இணையத்தின் வாயிலாகக் கட்டணமின்றிக் காணலாம். செல்வர் மட்டுமே வாங்க வல்லவையாக இருந்த படங்களைப் பெரியநாயக்கன்பாளையத்து மாணவர் தம் பள்ளிக் கணிப்பொறியில் காண முடிகிறது. இவ்வாய்ப்பைப் பயன்படுத்தாதிருப்பது நம் குற்றமே ஆகும்.

காண்பதோடு நின்றுவிடாமல், வரையவும் வேண்டும். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பர். நம்மிடம் சுவரும் உண்டு, சித்திரத்துக்குரிய பொருளும் உண்டு. பெரியநாயக்கன்பாளையம் கல்வியால் பெயர் பெற்ற ஊர். 1930இல் அவினாசிலிங்கனார் நிறுவிய இராமகிருட்டிண வித்தியாலயம் இங்கே நிலைபெற்றது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946இல் தோற்றுவித்து, தமிழின் முதற் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளிவர வழிசெய்தவரும் அவரே. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் இவ்வித்தியாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். உலக அறிவையெல்லாம் தமிழில் திரட்ட வேண்டும் என்னும் பெருமுயற்சியில் ஈடுபட்டோர் நடமாடிய ஊர் இது. இவ்வூருக்கு மேற்கே மலைகளுக்கு அப்பால் உள்ள ஆனைகட்டியில், சாலிம் அலியின் பெயரால் 1990இல் தோன்றிய பறவை ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. இத்தகைய சூழலில் வாழும் மாணவருக்குத் தம் ஊர்ப் பறவைகளின் பெயரே தெரியவில்லை என்றால் அது பொருந்துமா?

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பறவைக் குறிப்பேடு இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. மாணவர் தாம் கண்ட பறவையை அதில் வரைதல் வேண்டும். நாள், நேரம், இடம், பறவை செய்துகொண்டிருந்த செயல், அவ்வூரார் அதற்கு வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். அடியில் வரைந்தவர் தம் பெயரை எழுதுதல் வேண்டும். ரங்கையாவுக்கும் கோவிந்துவுக்கும் கிடைத்த அவ்வுரிமை எல்லா ஓவியருக்கும் உரியது. இதற்குப் பறவையைப் பிடிக்க வேண்டுவதில்லை. கூட்டைக் கலைக்க வேண்டுவதில்லை. அமைதியாக நின்று பார்க்கும் பொறுமை ஒன்றே போதும். படம் அழகாக அமையாவிட்டாலும் கவலையில்லை. வால் நீண்டதா குறுகியதா, கண்ணைச் சுற்றி வளையம் உண்டா இல்லையா என்பது சரியாக இருந்தால் அது நல்ல படமே. கோடு போடத் தொடங்கியவுடன் கண் கேள்வி கேட்கத் தொடங்கும். விடை காண மீண்டும் பறவையை நோக்குவோம். அவ்வாறு மீண்டும் மீண்டும் நோக்குவதே அறிவியலின் முதற்படி.

இம்முறையை வாழ்ந்து காட்டியவர் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. நாவலாசிரியர் மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். தாம் கண்ட பறவையையும் விலங்கையும் தாமே கோட்டோவியமாக வரைந்தார், ஒளிப்படமும் எடுத்தார். கருவி அவர்தம் கண்ணுக்குத் துணையாக நின்றதேயன்றிக் கண்ணின் வேலையைப் பறித்துக்கொள்ளவில்லை.

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சென்னையில் அச்சான அந்தப் பறவைப் படங்கள் இன்னும் நம்மோடு பேசுகின்றன. அவற்றை எழுதிய கைகள் மறைந்தன. எழுதிய கற்கள் வேறு படங்களுக்காகத் தேய்க்கப்பட்டன. ஊன்றி நோக்கிய பார்வை மட்டும் தாளில் நிற்கிறது. குருடிமலை அடிவாரத்தில் இன்று பறக்கும் பறவைகளை இன்னும் நூறாண்டு கழித்து ஒருவர் அறிய விரும்பினால், அவருக்குச் சாட்சி கூறப்போவது யார்? அயல்நாட்டிலிருந்து மற்றொரு ஜெர்டன் வரவேண்டும் என்று காத்திருத்தல் நமக்கு அழகன்று. அப்பணி இம்மண்ணில் பிறந்து, இப்பறவைகளின் பெயரைத் தாய்மொழியில் சொல்லக்கூடிய இளைஞருடையது. அதற்கு வேண்டுவன ஒரு தாளும், ஒரு கோலும், உண்மையை உள்ளவாறு காணும் கண்ணுமே.